காலணா ஹோட்டல்களின் ஊரில் அப்பாவுடன்

முதல் நாள், வெள்ளி

கொல்கத்தாவின் ஹவுரா ரயில் நிலையத்தில் இறங்கியதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "இங்க நல்ல சாப்பாட்டுக் கடை எந்தப் பக்கம்மா?" என்பதுதான். அவருக்கு எழுபத்திரண்டு வயது. திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருபத்திரண்டு வருஷம் மெஸ் நடத்தியவர். கடையை மூடி இருபது வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் எந்த ஊருக்குப் போனாலும் அடுப்படியை எட்டிப் பார்க்காமல் திரும்ப மாட்டார்.

இந்தப் பயணமே அவருக்காகத்தான். கொல்கத்தாவில் பைஸ் ஹோட்டல் என்று ஒரு வகை உண்டு, அங்கே வாழையிலைக்குக்கூடத் தனிக் காசு என்று பேச்சுவாக்கில் ஒருநாள் சொன்னேன். "இலைக்குக் காசா? அதெப்படிக் கேட்டு வாங்குவான்?" என்று இரண்டு நாளாக அதையே பேசிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

ஹவுராவிலிருந்து எஸ்பிளனேடுக்கு மெட்ரோவில் போனோம். 2024 மார்ச்சில் திறந்த தடம் இது. ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் 520 மீட்டர், 45 நொடியில் கடந்துவிடுகிறது. சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் ஓடியபோது, ஆறு இப்போது நம் தலைக்கு மேலே என்றேன். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். கங்கையல்லவா.

சாயங்காலம் தெருவோரத்தில் கச்சூரியும் உருளைக்கிழங்குத் தர்காரியும் சாப்பிட்டோம். தைத்த இலைக் கிண்ணத்தில் தந்தார்கள். அப்புறம் மண் குவளையில் தேநீர். இங்கே அதை 'பாட்' என்கிறார்கள். குடித்ததும் தொட்டியில் வீசி உடைத்துவிட வேண்டும். அப்பாவுக்கு மனசு வரவில்லை. கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நாளைக்கு அந்த ஹோட்டல். சீக்கிரம் தூங்கப் போகிறோம்.

இரண்டாம் நாள், சனி

காலேஜ் ஸ்ட்ரீட் முழுக்கப் புத்தகக் கடைகள். பிரெசிடென்சி பல்கலைக்கழகச் சுவரையொட்டி மரப்பெட்டிக் கடைகளில் கழுத்துயரத்துக்குப் புத்தகங்கள் அடுக்கியிருக்கின்றன. அங்கிருந்து பிரிகிற பவானி தத்தா லேன் ஒரு சின்னச் சந்து. அதற்குள்தான் ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல். ஒடிசாவிலிருந்து வந்த மன்கோவிந்த பண்டா என்பவர் தொடங்கியது. முதலில் பெயர் வெறும் ஹிந்து ஹோட்டல்தான். 1947இல் நாடு விடுதலை ஆனதும் முன்னால் 'ஸ்வாதீன் பாரத்' சேர்ந்துகொண்டது. நேதாஜி இங்கே சாப்பிட்டிருக்கிறார் என்பது கடைக்காரர்கள் பெருமையோடு சொல்லும் செய்தி.

பைஸ் என்றால் பழைய பைசா. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நான்கு பைஸ். அதாவது நம் காலணா. 1957இல் நயா பைசா வரும்வரை இருந்த கணக்கு. வெளியூரிலிருந்து கல்கத்தாவுக்குப் படிக்க வந்த பையன்களும் குமாஸ்தாக்களும் வடக்குக் கல்கத்தாவின் மெஸ் வீடுகளில் அறைக்கு நாலைந்து பேராகத் தங்கியிருந்த காலத்தில், அவர்கள் வயிற்றை நிரப்ப முளைத்தவை இந்தக் கடைகள். சில்லறைக் காசுக்குச் சோறு போட்டதால் பைஸ் ஹோட்டல். காசு போய்விட்டது, பெயர் நிற்கிறது.

சுவரில் கரும்பலகை. சாக்பீஸில் இன்றைய சமையல், எதிரில் விலை. எனக்கு வங்காளி படிக்க வராது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் வரிவரியாகச் சொல்லச் சொல்ல அப்பா தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். சோறு ஒரு வரி. பருப்பு ஒரு வரி. கொடிப்பசலைக் கீரை சொச்சொடி ஒரு வரி. இந்தக் கடையில் பேர்போனது அதுதான். ரூயி மீன், பாப்தா மீன், பார்ஷே மீன், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. தக்காளிச் சட்னி, அப்பளம். பலகையில் இல்லாதவையும் கணக்கில் உண்டு: இலை, மண் குவளை, எலுமிச்சைத் துண்டு. இலைக்கு ஒன்றிரண்டு ரூபாய்தான் வரும். ஆனால் அது தனி.

நீளப் பெஞ்சு, மேசையில் யார் வேண்டுமானாலும் யாருக்கு எதிரிலும் உட்காரலாம். பரிமாறுகிறவர் அப்பாவை 'தாது' என்று கூப்பிட்டார். தாத்தா என்று அர்த்தம். முதலில் ஷுக்தோ வந்தது. பாகற்காய், வாழைக்காய், கத்தரி, முருங்கை எல்லாம் போட்டு லேசாகப் பால் விட்ட கசப்புக் கூட்டு. வங்காளிகளின் பகல் சாப்பாடு கசப்பில் தொடங்கி, பருப்பு, பொரியல், மீன் என்று போய்ப் புளிப்புச் சட்னியில், இனிப்பில் முடிகிறது. "கசப்பை முதல்ல வெச்சு நாக்கைக் கழுவிவிட்டுர்றான் பாரு" என்றார் அப்பா. நம் பக்கம் இலை நுனியில் முதலில் வைப்பது இனிப்பு. இந்த வரிசை அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. பார்ஷே மீன் கடுகு விழுதில் வந்தது. விரல் நீள மீன், முழுசாக. கடுகெண்ணெய் மூக்கில் ஏறி, அப்புறம் தொண்டையில் இறங்கி, அப்புறம்தான் மீனின் ருசி தெரிகிறது. குழம்பைக் கொஞ்சமாக ஊற்றிச் சோற்றின் ஓரத்தில் பிசைந்து சாப்பிட வேண்டும். சாம்பாரைப் போலக் குளம் கட்டக்கூடாது.

எங்களுக்கு எதிரில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். சட்டையில் பசை காய்ந்திருந்தது. புத்தகம் பைண்டு செய்கிறவர் என்று நினைக்கிறேன். சோறு, பருப்பு, ஒரு எலுமிச்சைத் துண்டு. அவ்வளவுதான் கேட்டார். பருப்பில் எலுமிச்சையைப் பிழிந்து, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு, அவசரமில்லாமல் சாப்பிட்டார். அவர் பக்கத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல் ஒருவர் மூன்று வகை மீன் வைத்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஒரே இலை, ஒரே குவளை. பரிமாறுகிறவர் இருவரிடமும் ஒரே குரலில்தான் "இன்னும் என்ன?" என்று கேட்டார். முதலாமவர் எழுந்ததும், அவர் சாப்பிட்டதைப் பரிமாறுகிறவர் மனப்பாடமாகக் கல்லாவைப் பார்த்துச் சொன்னார். சோறு, பருப்பு, எலுமிச்சை, இலை, குவளை. காசைக் கொடுத்துவிட்டு அவர் பாட்டுக்குப் போனார்.

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவர் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னப்பா என்றேன். சந்து முனைக்கு வந்த பிறகுதான் சொன்னார்.

எங்கள் மெஸ்ஸில் அளவில்லாச் சாப்பாடு. ஒரு விலை, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். அதுதான் அப்பாவின் பெருமை. "வயிறு ரொம்பாம ஒருத்தனும் எந்திரிக்கக்கூடாது" என்பார். தொண்ணூறுகளில் ஒரு பாலிடெக்னிக் பையன் வருவானாம். மாசக் கடைசியில் வாசல் வரைக்கும் வந்து பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவானாம். ஒருநாள் கூப்பிட்டு, சும்மா உட்கார்ந்து சாப்பிடு என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவன் சாப்பிட்டான். மறுநாளிலிருந்து அந்தச் சந்துப் பக்கமே வரவில்லை. "நான் நல்லதுன்னுதான் நெனைச்சேன். அவன்கிட்ட ரசஞ்சோத்துக்குக் காசு இருந்திருக்கும். ரசஞ்சோறு மட்டும் விக்க எனக்குத் தோணவே இல்ல பாரு."

இதை அவர் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட வீட்டில் சொன்னதில்லை.

பிறகு காபி ஹவுஸ். பழைய ஆல்பர்ட் ஹால் கட்டடம், மாடியேறிப் போக வேண்டும். 1942இல் காபி வாரியம் தொடங்கியது. 1950களின் இறுதியில் வாரியம் கைவிட்டபோது வேலைசெய்தவர்களே கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து எடுத்து நடத்தினார்கள். இன்றும் அவர்கள்தான் நடத்துகிறார்கள். விசிறி வைத்த தலைப்பாகையோடு பரிமாறுகிறார்கள். சுவரில் பெரிய தாகூர் படம். நல்ல இரைச்சல். ஒரு காபியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசுகிறார்கள். யாரும் வந்து விரட்டுவதில்லை. காபி நம் டிகிரி காபிக்குப் பக்கத்தில் வராது. ஆனால் அந்த ஹாலில் உட்காரவேண்டும் என்பதற்காகவே நான் இன்னொரு காபி சொன்னேன்.

காலேஜ் ஸ்கொயர் பக்கம் பேரமவுண்ட் என்று ஒரு சர்பத் கடை. 1918இல் தொடங்கியது. அங்கே இளநீர் சர்பத்துக்குப் பக்குவம் சொல்லித் தந்தவர் வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய். இளநீர், உள்ளே வழுக்கை, மேலே ஐஸ். சுதந்திரப் போராட்டக்காரர்கள் ரகசியமாகச் சந்தித்த கடையும்கூட. இரவு நகூர் என்று எல்லோரும் சொல்லும் 1844ஆம் வருஷத்து இனிப்புக் கடையில், இரும்புக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்த சந்தேஷில் நாலு வாங்கினோம். இது ஜனவரி, புது ஈச்சவெல்லத்தின் காலம். நோலென் குட் என்கிறார்கள். வாயில் வைத்தால் புகையும் பனியும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். எங்கள் பக்கத்துப் பனைவெல்லத்துக்குத் தங்கை என்றார் அப்பா.

மூன்றாம் நாள், ஞாயிறு

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி டிரெட்டி பஜார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சீனக் காலை உணவு இங்கேதான் கூடும். எட்டு, எட்டரைக்கெல்லாம் காலி. போத்தார் கோர்ட் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு தெரு. காய்கறிக் கடைகளுக்கு நடுவில் அலுமினிய அடுக்குகளில் ஆவி பறக்கிறது. மீன் உருண்டை சூப், பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த பஞ்சு போன்ற பாவ், ஷுமாய், இலையில் பொதிந்த பசைச்சோறு. நாங்கள் சூப்பில் தொடங்கினோம். குளிருக்கு அந்த முதல் வாய் மிளகு ரசம் போல இறங்கியது.

கல்கத்தாச் சீனர்களின் கதை பதினெட்டாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. டாங் அச்சு என்பவர் பட்ஜ் பட்ஜ் பக்கத்தில் சர்க்கரை ஆலை வைக்க வந்தார். அவர் பெயரால் அந்த இடம் இன்றும் அச்சிப்பூர். தச்சர்களாக, தோல் பதனிடுகிறவர்களாக, பல் வைத்தியர்களாக ஆயிரக்கணக்கில் இந்த ஊரில் வாழ்ந்தார்கள். 1962 போருக்குப் பிறகு பலரைப் பிடித்து ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். இங்கே பிறந்து வளர்ந்தவர்களை. வெளியே வந்தவர்களில் நிறையப் பேர் கனடா போய்விட்டார்கள். சீனர்கள் வாழ்ந்த டாங்ரா பகுதியில் மிஞ்சிய தோல் தொழிற்சாலைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பல தொழிற்சாலைகள் சாப்பாட்டுக் கடைகளாக மாறின. நாம் ஊரெங்கும் சாப்பிடுகிற சில்லி சிக்கனுக்கும் மஞ்சூரியனுக்கும் இந்த ஊர்ச் சீனச் சமையலில்தான் வேர்.

தெருவில் இன்று சீன முகங்கள் குறைவுதான். பாவ் விற்ற ஒரு பாட்டியம்மா, என் வயதில் பேத்தி இருக்கலாம், இந்தியில் அப்பாவோடு பேசினார். அப்பாவுக்கு இந்தி தெரியாது. ஆனாலும் மாவு எத்தனை மணிக்குப் பிசைந்தது என்பதை அவர் எப்படியோ கேட்டுத் தெரிந்துகொண்டார். ராத்திரி பதினொன்று. இரண்டு விரலால் மாவைக் கிள்ளி மூடும் விதத்தைப் பாட்டியம்மா அவருக்குச் செய்து காட்டினார். நம் கொழுக்கட்டைக்கு மடிப்பு வைப்பதுபோல, ஆனால் மடிப்புகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து சுழியில் முடிகின்றன. அப்பா காற்றில் அதைச் செய்து பார்த்தார்.

பார்க் ஸ்ட்ரீட்டில் சாயங்காலம் நடந்தோம். ஃப்ளூரிஸ், டிரிங்காஸ், மொகாம்போ என்ற பழைய ரெஸ்டாரண்டுகளை எல்லாம் வெளியிலிருந்தே பார்த்தோம். இரவுச் சாப்பாட்டுக்குப் புதிய கடை ஒன்றில் உட்கார்ந்து 'வீட்டுச் சாப்பாட்டுத் தாலி' வாங்கினேன். வெண்கலத் தட்டில் பதினாறு கிண்ணம். பாதி கிண்ணம் ஆறிப்போயிருந்தது. நாங்கள் கேட்காத ஆறேழு பண்டம் தட்டிலேயே நின்றுவிட்டது. அப்பா எதையும் குறை சொல்லவில்லை. திரும்பும்போது மட்டும், "அந்தப் பலகைக் கடையில எவ்வளவு வேஸ்டு ஆச்சுன்னு பாத்தியா? ஒண்ணுமே ஆகல" என்றார்.

நான்காம் நாள், திங்கள்

தெற்கே லேக் மார்க்கெட். இங்கே காலடி வைத்ததும் மல்லிகைப்பூ வாசமும் காபிக்கொட்டை வறுக்கும் வாசமும் சேர்ந்து வந்து அடித்தன. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு அந்தக் காலத்தில் கல்கத்தாக் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த தமிழர்கள் குடியேறிய பகுதி இது. கறிவேப்பிலை, வாழையிலை, முருங்கைக்காய், கோலப்பொடி எல்லாம் கிடைக்கிறது. காபிப்பொடிக் கடையில் பெரியவர் ஒருவர் அப்பாவின் வேட்டியைப் பார்த்ததும், "வாங்கோ, எந்த ஊர்?" என்றார். பிறந்தது கும்பகோணம் பக்கம். எட்டு வயதில் இங்கே வந்தாராம். திருச்சி என்றதும் பெஞ்சைத் துடைத்துப் போட்டார்.

அவரும் சின்ன வயதில் பைஸ் ஹோட்டலில் சாப்பிட்டவர்தான். வீட்டில் மீன் சேர்க்காத குடும்பம். சோறு, பருப்பு, போஸ்தோ என்று வாங்கிச் சாப்பிடுவாராம். போஸ்தோ என்றால் கசகசா அரைத்த கறி. "எதிர்ல உட்கார்ந்தவன் மீன் தலையைக் கடிச்சிண்டிருப்பான், நான் பாட்டுக்கு என் இலையைப் பார்த்துச் சாப்பிடுவேன் சார். யாருக்கும் ஒண்ணுமில்லை" என்றார்.

அவர் கையைக் காட்டிய திசையில்தான் தருண் நிகேதன். 1915இல் தொடங்கிய பைஸ் ஹோட்டல். மத்தியானம் அங்கேதான். பாசிப்பருப்பில் மீன் தலை போட்ட பருப்பு, வாழைப்பூப் பொரியல், ட்யாங்ரா மீன் குழம்பு. வாழைப்பூவை மோச்சா என்கிறார்கள். பொடிப்பொடியாக நறுக்கி, உருளையும் கொஞ்சம் நெய்யும் சேர்த்து, இனிப்பு எட்டிப் பார்க்கிற மாதிரி. ஆய்வதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா ஒரு பூவுக்கு ஒரு மணி நேரம் உட்காருவாள். அதை இவ்வளவு குறைந்த விலைக்குத் தருகிறார்கள். நான் இரண்டாம் கிண்ணமும் வாங்கினேன். கணக்கில் இன்னொரு வரி ஏறியது.

இன்று அப்பா விலைகளை மட்டும் எழுதவில்லை. கூட்டல் கழித்தல் போட்டுக்கொண்டிருந்தார். மெஸ் ஏன் மூடியது என்பது எங்களுக்குத் தெரியும். அரிசி ஏறியது, கேஸ் ஏறியது, எண்ணெய் ஏறியது. சாப்பாட்டு விலையை ஐந்து ரூபாய் ஏற்றினால் பையன்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். ஏற்றாமல் ஏற்றாமல் 2004இல் கடனோடு ஷட்டரை இறக்கினார். "இவனுக்கு எலுமிச்சை விலை ஏறினா எலுமிச்சை வரியை மட்டும் அழிச்சு எழுதுறான். சோத்து விலை அப்படியே நிக்குது. சோறு வாங்க வர்றவன் பயப்படமாட்டான்" என்றார். மீனும் அப்படித்தான். காலைச் சந்தையில் என்ன வந்ததோ அதுதான் பலகையில். தீர்ந்தால் ஈரத்துணியால் அந்த வரியைத் துடைத்துவிடுகிறார்கள். நாங்கள் இருக்கும்போதே இரண்டு வரி போயிற்று.

ஐந்தாம் நாள், செவ்வாய்

இன்று ரயில். அதற்கு முன் நியூ மார்க்கெட்டில் நாஹும். பாக்தாத் யூதரான நாஹும் இஸ்ரேல் மொர்தகாய் 1902இல் தொடங்கிய ரொட்டிக் கடை. வீடு வீடாகக் கூடையில் விற்று ஆரம்பித்தது. ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த கல்கத்தா யூதர்கள் இன்று விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். கடை நிற்கிறது. தேக்குக் கல்லாப்பெட்டி, கண்ணாடி அலமாரி. அம்மாவுக்கு ஒரு பிளம் கேக் கட்டச் சொன்னோம்.

பக்கத்திலேயே ராணி ராஷ்மணி ரோட்டில் சித்தேஸ்வரி ஆஸ்ரம். பெயர்தான் ஆசிரமம், இதுவும் பைஸ் ஹோட்டல். இங்கே கேட்க வேண்டியது கவிராஜி ஜோல். கவிராஜ் என்றால் வைத்தியர். உருளையும் வாழைக்காயும் போட்டு, மசாலாவை அடக்கி, தண்ணியாக வைத்த மீன் குழம்பு. வெளியூரில் தனியாகக் கிடந்து வயிறு கெட்டுப்போன குமாஸ்தாக்களுக்கு ஏற்ற குழம்பு. அப்பா ஒரு வாய் எடுத்ததும், "இது பத்தியக் குழம்பு" என்றார். அவர் மெஸ்ஸில் காய்ச்சலில் கிடக்கிற பையன்களுக்குத் தனியாகப் பூண்டுக் குழம்பு வைத்து விடுதி அறைக்குக் கொடுத்தனுப்புவார். அதுக்குக் காசு வாங்கியதில்லை. இன்று நான் அதைக் கேட்டேன்: இப்போது கடை நடத்தினால் வாங்குவீர்களா? கொஞ்ச நேரம் யோசித்தார். "வாங்குவேன். கொஞ்சமா. அப்பத்தான் நாளைக்கும் கேப்பான்."

சாப்பிட்டு முடித்ததும் அப்பா பழக்கத்தில் இலையைத் தன் பக்கமாக மடித்தார். இங்கே யாரும் மடிப்பதில்லை. எடுக்க வந்தவர் ஒரு கணம் நின்று பார்த்தார். ஏதோ குறை என்று நினைத்துவிட்டார் போல. சாப்பாடு நிறைவாக இருந்தது என்பதற்கு எங்கள் ஊரில் இப்படி மடிப்போம் என்று என் அரைகுறை இந்தியில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே அந்த மடித்த இலையைக் கல்லாவில் இருந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்.

இப்போது ரயிலில் இருந்து எழுதுகிறேன். கரக்பூர் தாண்டிவிட்டது. மேல்படுக்கையில் அப்பா இன்னும் விளக்கை அணைக்கவில்லை. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழில் ஒரு பலகை எழுதியிருக்கிறார். சோறு, ரசம், மோர், அப்பளம், கீரை, மீன் குழம்பு என்று வரிக்கு ஒன்றாக. எதிரில் விலைக்கு இடம் விட்டிருக்கிறது. முதல் வரி, ரசஞ்சோறு. அதற்கு மட்டும் விலை போட்டுவிட்டார்.